டிகிரி எண்ணை மட்டும் பார்த்து கேம் ஷாஃப்ட் வாங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய கார்களின் இன்ஜின் திறனைக் கூட்டுவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஏர் ஃபில்டர், சைலன்சர் பற்றியெல்லாம் பொறுப்போடு எழுதிய கட்டுரையாளர், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம் ஷாஃப்ட் என்று வந்தபோது மட்டும், டிகிரி கூடினால் திறனும் கூடும் என்ற பொருளில் ஒரே வரியோடு நிறுத்திக்கொண்டார். கோவையில் முப்பது ஆண்டுகளாக இன்ஜின் பட்டறை நடத்திவரும் நான், அந்த ஒரு வரியை நம்பிப் பணத்தையும் நல்ல இன்ஜினையும் இழந்தவர்களைத் தொடர்ந்து பார்த்துவருவதால் இதை எழுதுகிறேன்.

கேமின் டிகிரி என்பது, வால்வு திறந்திருக்கும் நேரத்தில் கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) எவ்வளவு சுழல்கிறது என்ற கணக்கு. பிஸ்டன் உச்சியிலிருந்து அடிக்கு வர 180 டிகிரி போதும். ஆனால் 240 டிகிரி கேமில், காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் இன்டேக் வால்வு பிஸ்டன் உச்சியைத் தொட 10 டிகிரி இருக்கும்போதே திறந்து, பிஸ்டன் அடியைத் தொட்டுத் திரும்பி 50 டிகிரி ஏறிய பிறகே மூடும் என்று வைத்துக்கொள்வோம். அதே இடத்தில் 288 டிகிரி கேமை மாட்டினால், 34 டிகிரி முன்பே திறந்து 74 டிகிரி கழித்து மூடும். இன்ஜின் நிமிடத்துக்கு 6,500 சுற்றில் ஓடும்போது, பாய்ந்து வரும் காற்றுக்கு இருக்கும் வேகத்தால், பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் சிலிண்டர் நிரம்பிக்கொண்டே இருக்கும். அங்கே இந்தத் தாமதம் லாபம். 2,000 சுற்றிலோ காற்றுக்கு அந்த வேகம் இல்லை. உள்ளே வந்த கலவையைப் பிஸ்டனே, காற்று வரும் குழாயான மேனிஃபோல்டுக்குத் திருப்பித் தள்ளிவிடுவதால், கம்ப்ரஷன் (கலவை அழுத்தப்படும் அளவு) குறைந்து இழுவை போய்விடுகிறது. புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வும் அதே அளவு தாமதமாக மூடும்போது, இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் 20 டிகிரியிலிருந்து 68 டிகிரியாகிறது. வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும் ஐடிலிங்கில், எரிந்த புகை திரும்ப உள்ளே புகுந்து இன்ஜினைத் திணறவைப்பது இதனால்தான்.

சென்ற ஆண்டு ஓர் இளைஞர் தம் 1298 சிசி மாருதி எஸ்டீம் காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். இருங்காட்டுக்கோட்டை, கரி மோட்டார் ஸ்பீட்வே ஆகிய பந்தயத் தளங்களில் எஸ்டீம்கள் ஓடியதைக் கேட்டு வளர்ந்தவர். வேறோர் ஊரில் 288 டிகிரி என்று சொல்லி விற்ற கேமை வாங்கி மாட்டியிருந்தார். 1,400 சுற்றுக்குக் கீழே இன்ஜின் நிற்கவில்லை. காந்திபுரம் சிக்னலில் ஏசியைப் போட்டால் அணைந்துவிடும் என்றார். அதைவிட என்னை அச்சுறுத்தியது பிரேக். மேனிஃபோல்டின் உறிஞ்சு அழுத்தத்தை அளக்கும் வேக்குவம் கேஜை மாட்டிப் பார்த்தபோது, 18 அங்குலத்தில் (பாதரச அளவு) நிற்க வேண்டிய முள் 9 அங்குலத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. பெடலை மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டர் அந்த வேக்குவத்தை நம்பியே இயங்குகிறது. அது குறைந்ததால் பெடல் கல்லாக இறுகியிருந்தது. திறன் கூட்டுவதற்காக வாங்கிய ஒரு பொருள், வண்டியை நிறுத்தும் சக்தியைப் பறித்திருந்தது.

வால்வு கவரைத் திறந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அது புதிய கேம் அல்ல. பழைய கேமில் லோப் எனும் முட்டை வடிவப் பகுதியின் அடிவட்டத்தைச் சாணை பிடித்துக் குறைத்து, அதன் மூலம் வால்வு திறக்கும் உயரமான தூக்கல் கூட்டப்பட்டிருந்தது. அதனால் கேமுக்கும், வால்வைத் தள்ளும் நெம்புகோலான ராக்கருக்கும் இடையே வந்த இடைவெளியை ஈடுகட்ட ராக்கர் ஸ்குரூக்கள் ஏறத்தாழ மரை முடியும் வரை இறக்கப்பட்டிருந்தன. மேலே இருந்த கடினப் படலம் சாணையோடு போய்விட்டதால், சில ஆயிரம் கிலோமீட்டருக்குள்ளேயே இரண்டு லோப்களின் முனை தேய்ந்து, நகத்தால் தடவினால் பள்ளம் தட்டுப்பட்டது.

ஆகவே கேம் வாங்க நினைப்பவர்கள், முதலில் ஒரு வாரம் இன்ஜின் சுற்றைக் காட்டும் தங்கள் டேக்கோமீட்டரைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நகரத்தில் ஓடும் கார் பெரும்பாலும் 1,500 முதல் 3,500 சுற்றுக்குள்தான் இருக்கும். அத்தகைய காருக்கு, கம்பெனி கேமைவிட 10, 15 டிகிரியும், தூக்கலில் ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்ட அளவும் கூடினாலே போதும் என்பது என் அனுபவம். அதற்கு மேல் போக வேண்டுமானால் கம்ப்ரஷனைக் கூட்டி, கியர் விகிதத்தை மாற்றி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவையும் அதற்கேற்ப டியூன் செய்தாக வேண்டும். மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துப் பெட்ரோலைக் கணக்கிடும் ஈசியூ, வேக்குவம் குறைந்த ஐடிலிங்கை லோடு ஏறியதாக எண்ணிக் கூடுதல் பெட்ரோல் ஊற்றும்.

விற்பவரிடம் டிகிரி எண்ணோடு, அது எந்தத் தூக்கலில் அளக்கப்பட்டது என்பதையும் எழுதி வாங்க வேண்டும். ஒரே கேமை 0.1 மி.மீ. தூக்கலிலிருந்து அளந்து ஒருவர் 270 என்பார், 1 மி.மீ. தூக்கலிலிருந்து அளந்து இன்னொருவர் 230 என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை, ஆனால் ஒப்பிட்டு வாங்குபவர் ஏமாந்துபோவார். மாட்டும்போது பிஸ்டன் மேல் களிமண் உருண்டை வைத்துக் கையால் சுற்றிப் பார்த்து, வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே இன்டேக்கில் 2 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 2.5 மி.மீ. இடைவெளியாவது இருக்கிறதா என்று பார்ப்பதும், முழுத் தூக்கலில் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றையொன்று முட்டவில்லை என்று உறுதிசெய்வதும் கட்டாயம். ஹெட் ஃபேசிங் செய்த (சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிய) இன்ஜினில் கேமின் டைமிங் சற்றுப் பின்தங்கிவிடும் என்பதால், புல்லிக் குறிகளை மட்டும் நம்பாமல் சுழற்சியை அளக்கும் டிகிரி வீலும் தூக்கலை அளக்கும் டயல் கேஜும் வைத்தே அமைக்க வேண்டும்.

சட்டத்தையும் கட்டுரை தொடவில்லை. உற்பத்தியாளரின் மூல அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பெரிய கேமோடு ஐடிலிங்கில் எரியாத பெட்ரோல் வெளியேறுவதால், புகைச் சான்று வாங்குவதும் கடினமாகும். பந்தயத் தளத்துக்கென்றே தனியாக வைத்திருக்கும் காரில் இந்த ஆசையைத் தீர்த்துக்கொள்வது நல்லது.

அந்த எஸ்டீமுக்குப் பழைய கம்பெனி கேமையே ராக்கர்களோடு மறுபடி மாட்டிக் கொடுத்தோம். 800 சுற்றில் இன்ஜின் அமைதியாக நின்றது. கேஜின் முள் 18இல் அசையாமல் இருந்தது. அந்த இளைஞர் பிரேக்கை மூன்று முறை மிதித்துப் பார்த்துவிட்டே வண்டியை வெளியே எடுத்தார்.

இப்படிக்கு,
இன்ஜின் பட்டறை நடத்தும் வாசகர்,
கோயம்புத்தூர்.