பூங்கா வேண்டும், வெறும் கூண்டு வேண்டாம்

ஐயா,

‘உயிரியல் பூங்காக்கள் இனி தேவையா?’ என்ற தங்கள் தலையங்கம் படித்தேன். மூடிவிடலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1980-இல் காட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட சிவப்பு ஓநாய், உயிரியல் பூங்காவின் காப்பிடத்தில் இனப்பெருக்கம் செய்த வெறும் 14 ஓநாய்களின் வழித்தோன்றல்களால்தான் 1987-இல் அமெரிக்காவின் வட கரோலினாக் காட்டுக்குத் திரும்பியது.

சரி, வளர்க்கும் விதம் மாறத்தான் வேண்டும். ஒரு பூங்காவில் சிறுத்தை ஒன்று ஒரே தடத்தில் ஓயாமல் முன்னும் பின்னும் நடந்ததைப் பார்த்து மனம் கனத்துப்போனது. சில மாதம் கழித்துப் போனபோது, இறைச்சியைக் கிளைகளிலும் பொந்துகளிலும் ஒளித்துவைக்கத் தொடங்கியிருந்தார்கள். அது மோப்பம் பிடித்து, ஏறி, தேடிக்கொண்டிருந்தது. அந்த நடையைக் காணோம். ஊனுண்ணிகளை வைத்திருக்கும் எல்லாப் பூங்காக்களுக்கும் இதை உரிம நிபந்தனையாகவே ஆக்க வேண்டும்.

– காட்டுயிர் ஆர்வலர் ஒருவர்