உணவுப் பொட்டலத்தோடு வாடகை ரசீதும் கொடுங்கள்

தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் வட்டாரக் கோயில் நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம். (தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் குழுவில் ஒருவராவது இருப்பார், மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லிவிடட்டும்.)

2015இல் டர்பனில் அயல்நாட்டவரை அடித்து விரட்டியபோது, நம் சாட்ஸ்வர்த்திலும் கூடாரம் போட்டு அவர்களைத் தங்கவைத்தார்கள். உணவும் போர்வையும் கொடுத்தவர்கள் பலர். கூடாரங்களைப் பிரித்த பிறகு அந்தக் குடும்பங்கள் எங்கே போயின என்று விசாரித்தவர்கள் குறைவு.

இந்த நாட்டில் நிரந்தர அகதி முகாம் கிடையாது. காங்கோ, புருண்டி, சோமாலியாவிலிருந்து வந்தவர்கள் ஊருக்குள் தாங்களே வீடு பிடித்துப் பிழைத்துக்கொள்ள வேண்டும். அந்த வீடு பெரும்பாலும் நம்மவர் வீட்டுப் பின்புறத்தில் தனியாகக் கட்டிய அறை, அதாவது அவுட்பில்டிங்தான். வாடகையை ரொக்கமாக வாங்குகிறார்கள். ரசீதும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. பள்ளிக்கூடத்திலோ முகவரிச் சான்று கேட்கிறார்கள். எதைக் காட்டுவது?

புகலிடம் கேட்டு விண்ணப்பித்தவர்கள் வேலை செய்யவோ படிக்கவோ கூடாதென்ற ஒட்டுமொத்தத் தடை செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003இலேயே சொல்லிவிட்டது. ஆவணம் இல்லையென்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2019 டிசம்பரில் மக்காண்டா உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. இதையெல்லாம் பள்ளி அலுவலகத்தில் எடுத்துச் சொல்ல ஓர் அகதித் தாய்க்குத் துணிவு வருமா? ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கூடப் போனால் பேச்சின் தொனியே மாறிவிடும். அப்படிப்பட்டவர்கள் உங்கள் கோயில்களில் நிறையவே இருக்கிறார்கள்.

நான் முக்கியமாகக் கேட்பது இதைத்தான்: அவுட்பில்டிங்கை வாடகைக்கு விடும் உங்கள் உறுப்பினர்கள் ஒரு பக்க ஒப்பந்தமும் மாதந்தோறும் ரசீதும் தரவேண்டும் என்று குழுவில் தீர்மானம் போடுங்கள்.

நம் பிள்ளைகளுக்கே வேலையில்லை என்பீர்கள். உண்மைதான். ஆனால் ஒரு ரசீதால் யாருடைய வேலையும் போய்விடாது. ரசீது தர மறுப்பதற்குக் காரணம் வேறு: எழுத்தில் கொடுத்தால் வரித்துறை வருமோ, அனுமதி வாங்காமல் கட்டிய சுவரை மாநகராட்சி கண்டுபிடிக்குமோ என்ற பயம். வீட்டுக்காரரின் பயத்துக்காக ஆறு வயதுக் குழந்தை பள்ளிக்குப் போகாமல் கிடக்க வேண்டுமா? மாநகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸிலிருந்து நம் பெரியவர்களை நிறவெறி ஆட்சிக் காலத்தில் இங்கே தள்ளியது அநியாயம். அவர்களுக்குக்கூட மாநகராட்சி வீடு காகிதத்தோடு கிடைத்தது.

பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. சேர்க்கை வேலைகள் அதற்கு முன்பே நடக்கும். ஆகவே புரட்டாசி விரதம் வரை தள்ளிப்போடாமல் அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தின் மாதிரிப் படிவத்தை நானே எழுதிக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
டர்பன் வாசி ஒருவர்