மாமாவின் கணக்கு

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய சென்னை மேடவாக்கம் ஃபிளாட்டின் விலை விவரத்தைப் பார்த்தேன். 75 லட்சம். வங்கி 80 சதவீதம் தந்தால் கடன் 60 லட்சம். எட்டரை சதவீத வட்டி, 20 வருடம். மாதத் தவணை சுமார் 52,000 வருகிறது. கடனை அடைத்து முடிக்கும்போது வங்கிக்கு மட்டும் ஒன்றேகால் கோடி கொடுத்திருப்பாய். உன் கைக்கு வரும் சம்பளம் 85,000. அதே தெருவில் நீ இப்போது கொடுக்கும் வாடகை 21,000.

வளைகாப்பில் மாமா எல்லார் முன்னிலையிலும், “உன் வயதில் உன் அம்மா வீடே கட்டிவிட்டாள், நீங்களோ காபிக் கடையிலும் கோவாவிலும் காசை விடுகிறீர்கள்” என்றாராமே. கட்டினேன், உண்மைதான். எப்படிக் கட்டினேன் என்பதை அவர் சொல்லியிருக்க மாட்டார்.

1992-ல் திருச்சி வயலூர் சாலையை ஒட்டி 1,500 சதுர அடி மனை 45,000 ரூபாய். அரசுப் பள்ளி ஆசிரியையாக என் மாதச் சம்பளம் 2,300. ஆக, இருபது மாதச் சம்பளத்தில் மனை. கட்டுவதற்கு அரசாங்கமே வீடு கட்டும் முன்பணம் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. பற்றாததற்குச் சேமநல நிதியும் என் இரட்டைவடச் சங்கிலியும் போயின. கஷ்டம் இல்லாமல் இல்லை. தெருவிளக்கு கிடையாது. மழை நாட்களில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை சேற்றில் நடப்பேன். பள்ளிக்கூடத்துக் குழாயடியில் கால் கழுவிய பிறகுதான் வகுப்பு. ஆனால் அந்தச் சேற்றுக்குக் கூலியாக மண் கிடைத்தது. இன்று நீ சென்னையைத் தாண்டி, சிங்கப்பெருமாள் கோவில் ஊருக்கும் அப்பால் போய் அதே சேற்றில் நடக்கத் தயாரானாலும், விலை உனக்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றையும் மாமா விட்டுவிட்டார். எங்கள் வேலை ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தது. முசிறியிலும் பள்ளிக்கூடம், துறையூரிலும் வங்கி, மணப்பாறையிலும் தபால் நிலையம். உங்கள் வேலையோ சென்னையில் மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை ஒரே சாலையில் அடைந்து கிடக்கிறது. அத்தனை பேரும் அதைச் சுற்றித்தானே வீடு தேட வேண்டும்? விற்கிறவர்களுக்கு இது தெரியாதா?

ஓய்வூதியக் கதை தனி. 2003 ஏப்ரலுக்கு முன்பே அரசு வேலையில் சேர்ந்தவள் நான், அதனால் ஆயுள் முழுக்கப் பழைய பென்ஷன் உண்டு. முதுமைக்கு என்று ஒரு ரூபாய்கூட ஒதுக்காமல் எல்லாவற்றையும் சுவரில் போட முடிந்தது. நீ வீட்டுக்கும் சேர்க்க வேண்டும், அறுபது வயதுக்கும் சேர்க்க வேண்டும். மாமாவும் பழைய பென்ஷன்காரர்தான்.

பெண் பெயரில் பத்திரம் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று 2025-ல் அரசு அறிவித்தபோது சந்தோஷப்பட்டேன். சொத்தின் மதிப்பு 10 லட்சத்துக்குள் இருக்க வேண்டுமாம்! மேடவாக்கத்தில் அந்தப் பணத்துக்கு என்ன வரும், கார் நிறுத்துமிடமா?

என் அபிப்பிராயம், இந்த ஃபிளாட் இப்போது வேண்டாம். தவணை போக மிஞ்சும் 33,000-ல் சாப்பாடும் போக்குவரத்தும் ஆஸ்பத்திரியும் அடங்காது. வேலை ஆறு மாதம் இல்லாமல் போனால் என்ன செய்வாய்? மாமாவுக்குப் பதில் சொல்வதற்காக யாரும் வீடு வாங்க வேண்டாம், அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். எனக்கு மாதாமாதம் அனுப்பும் 10,000-ஐ இந்த மாதமே நிறுத்து. என் பென்ஷன் எனக்குத் தாராளம். அந்தப் பணத்தை உன் பெயரிலேயே போட்டுவை.

வாங்கியே தீருவேன் என்றால், ஒப்பந்த வரைவில் பிரிபடாத பங்கு, அதாவது கட்டடம் நிற்கும் மனையில் உனக்கு வரும் பங்கு, எத்தனை சதுர அடி என்று பார். விளம்பரத்தில் போட்டிருக்கும் 1,050 சதுர அடி, சுவரும் படிக்கட்டும் லிஃப்டும் சேர்ந்த கணக்கு. கட்டடம் பழசான பிறகு உனக்கென்று நிற்பது அந்தப் பங்கு மண் மட்டும்தான். வரைவையும் வில்லங்கச் சான்றையும் எனக்கு அனுப்பு. நான் படித்துச் சொல்லும் வரை முன்பதிவுப் பணம் கட்டாதே.

அன்புடன்,
அம்மா