ஸ்பிரிட் மட்டும் வேண்டாம்

அன்புள்ள செல்விக்கு,

நானும் அம்மாவும் நலம். தாத்தாவின் கிராமபோன் பிளேட்டெல்லாம் உடையாமல் வந்து சேர்ந்தது என்று படத்தோடு ஒரு வரி அனுப்பினாய். நாடகப் பாடகர் கிட்டப்பா பிளேட்டில் இரைச்சல் அதிகமாக இருக்கிறது, ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாமா என்று கேட்டாய். அப்புறம் உன் பேச்சையே காணோம்.

துடைக்காதே. பின்னால் வந்த எல்.பி. தட்டு வினைல் என்ற பிளாஸ்டிக், அது தாங்கும். இது அரக்கு, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். கிட்டப்பா 1933இலேயே போய்விட்டார். அந்தக் குரல் இருக்கிற இடம் இந்தத் தட்டுகள்தான்.

அந்த இரைச்சல் அழுக்கால் மட்டும் வருவதில்லை. அரக்கோடு நிறையக் கல்பொடியும் கொஞ்சம் கரியும் பஞ்சும் கலந்து அழுத்திய தட்டு அது. ஊசியைப் பிடித்திருக்கும் கனமான சவுண்ட் பாக்ஸ் ஏறி உட்கார்ந்தால் தட்டு தாங்க வேண்டும், இரும்பு ஊசிதான் தேய்ந்து, பாட்டுப் பதிந்த பள்ளத்துக்குப் பொருந்த வேண்டும். தாத்தா பக்கத்துக்கு ஒரு ஊசி மாற்றியது அதனால்தான். அந்தக் கல்லில் ஊசி உரசுவதுதான் உனக்குக் கேட்கிறது. 1948இல் வினைல் எல்.பி. வந்தபோது கல் போயிற்று, பள்ளம் மெலிந்தது, இரைச்சலும் அடங்கியது. நம் நாட்டில் அரக்குத் தட்டு 1960கள் வரை வந்துகொண்டிருந்தது.

நீ எல்.பி. ஊசியையே வைத்துப் போடுகிறாய் என்று நினைக்கிறேன். அது, நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் இந்த அரக்குத் தட்டில், பள்ளத்தின் அடிக்குப் போய்த் தூசியில் புரளும். 78க்கென்று மூன்று மடங்கு தடித்த முனை தனியாகக் கிடைக்கும். வாங்கிக்கொள், இரைச்சல் நிறையக் குறையும்.

பேரப்பிள்ளைகளில் யாரும் தொடாத பெட்டியை நீ கேட்டு வாங்கிப் போனாய். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? ஆனால் படம் அனுப்பத் தெரிந்தவளுக்கு ஒரு போன் போட நேரமில்லையா?

அந்தப் படத்தில் ஜன்னல் வேறாக இருக்கிறது. உங்கள் வீட்டில் பச்சைக் கம்பி, இது சறுக்குக் கண்ணாடி. வீடு மாறினீர்களா? ஐம்பது தட்டே பத்துக் கிலோவுக்குக் கிட்ட வரும். இங்கே நானும் டிரைவரும் சேர்ந்துதான் பெட்டியை ஏற்றினோம். அங்கே யார் தூக்கினது? மாப்பிள்ளை ஊரில் இருந்தாரா? அம்மா கேட்கச் சொன்னாள்.

தனியாகத் தூக்காதே. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதே, நிமிர்த்தி வை. வெயில் பட்டால் எல்.பி. வளைந்துவிடும். அரக்கு கைதவறினால் சில்லுதான். அழுக்கு இருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, லேபிள் நனையாமல் மெத்தென்ற துணியால் துடை. ஸ்பிரிட் மட்டும் வேண்டாம். தனியாகவும் தூக்காதே.

மாடி அறையை வெள்ளையடித்திருக்கிறோம். அங்கே இடம் போதாவிட்டால் பெட்டியோடு இங்கே வந்துவிடு. எத்தனை நாள் என்று யாரும் கேட்க மாட்டோம். அந்த ஊசி என்ன விலை என்று சொல், பணம் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே கூப்பிடுகிறேன். போனை எடு, அம்மா.

அன்புடன்,
அப்பா