டேவிஸிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் வாய்மொழித் தேர்வு நல்லபடியாக முடிந்ததையும், அம்மாவின் உடல்நிலை தேறி வருவதையும் அறிந்து மனம் நிறைந்தது. வீட்டில் இங்கும் அனைவரும் நலம்; மகள் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். அடுத்து போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்) பணிக்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எப்படித் தேடுவது என்று கேட்டிருந்தாய்.

பத்து வளாகங்கள் கொண்ட இந்தப் பல்கலைக்கழகத்தில் பெயரைத் தேடாதே, ஆளைத் தேடு என்பதே நான் சொல்ல விரும்புவது. உன் துறையையே எடுத்துக்கொள்வோம். வெள்ளத்தில் இரண்டு வாரம் மூழ்கினாலும் நெற்பயிரைக் காக்கும் சப்1ஏ மரபணுவை 2006இல் அறிவித்த ஆய்வில் டேவிஸ் வளாகத்தின் பமீலா ரொனால்டு, ரிவர்சைடு வளாகத்தின் ஜூலியா பெய்லி-செரஸ், பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டேவிட் மெக்கில் ஆகியோர் சேர்ந்து உழைத்தார்கள். நம் ஊருக்கு சி.ஆர். 1009 சப்1 ரகமாக வந்தது அந்த மரபணுதான். ஒரே கேள்விக்கான விடை இப்படிப் பல இடங்களில் சிதறிக் கிடக்கும்போது, ஒரு வளாகத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது போதாது. பல இடங்கள் விளம்பரத்துக்கு வருமுன்பே நிரம்பிவிடுகின்றன; ஆளைத் தேர்ந்தெடுப்பவர் பேராசிரியரே.

ஆகவே அவருக்கு நேரடியாக, ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுது. அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றில் விடுபட்டு நிற்கும் கேள்வி எது, அதை அணுக உன் கையில் என்ன திறன் இருக்கிறது என்பவற்றைச் சொன்னால் போதும், புகழுரை வேண்டாம். பதில் வராவிட்டால் மனம் தளராதே. மானிய முடிவுக்காகக் காத்திருப்பவரால் இன்று ஒன்றும் சொல்ல முடியாது, ஆறு மாதம் கழித்துச் சொல்ல முடியலாம்.

பேச்சு முன்னேறினால் சம்பளம் எந்த நிதியிலிருந்து, எத்தனை ஆண்டுக்கு என்று கூச்சப்படாமல் கேள். 2022 நவம்பரில் இங்கு ஏறத்தாழ 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்தபோது போஸ்ட்டாக்குகளும் களத்தில் நின்று ஊதிய உயர்வு பெற்றார்கள். அனுபவ ஆண்டுக்கேற்ற குறைந்தபட்ச ஊதியம் தொழிற்சங்க ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. பொதுவாக ஐந்து ஆண்டுக்கு மேல் இந்தப் பதவியில் நீடிக்க இயலாது. வேறு நிறுவனத்தில் போஸ்ட்டாக்காகக் கழித்த காலமும் அந்தக் கணக்கில் சேரும். இடையில் ஹைதராபாத்தில் இரண்டு ஆண்டு இருக்கலாமா என்று நீ யோசிப்பதாக எழுதியிருந்ததால் இதை முன்கூட்டியே சொல்கிறேன்.

சொந்த நிதியோடு வருபவனை எந்த ஆய்வகமும் விரும்பும். ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகை உனக்குப் பொருந்தலாம், ஆனால் அதில் வந்தால் திரும்பி இரண்டு ஆண்டு இந்தியாவில் இருக்க வேண்டிய விசா விதி உண்டு. எந்த நாட்டவர் எந்தத் துறையில் பயிற்சி பெற்றால் ஊர் திரும்ப வேண்டும் என்று அமெரிக்கா வைத்திருக்கும் துறைசார் திறன் பட்டியலின் பேரில் இந்தியர்மீது இருந்த அதே கட்டுப்பாடு, 2024 டிசம்பரில் அந்தப் பட்டியலிலிருந்து இந்தியா நீக்கப்பட்டதும் விலகிவிட்டது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, சம்மதிக்குமுன் அந்த ஆய்வகத்திலிருந்து வெளியேறிய இருவரிடமாவது தொலைபேசியில் பேசுவது. இப்போது அங்கே இருப்பவர்கள் அளந்துதான் பேசுவார்கள். போனவர்கள் எங்கே வேலையில் இருக்கிறார்கள், கட்டுரையில் முதல் பெயர் யாருக்குக் கிடைத்தது, உடல்நலமில்லாத நாளில் பேராசிரியர் எப்படி நடந்துகொண்டார் என்றெல்லாம் கேள்.

உன் கடிதத்தின் வரைவை அனுப்பு, படித்துத் திருத்தித் தருகிறேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
இளங்கோ