பதிவேட்டிலிருந்து நீங்கியவர்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலர் அவர்களுக்கு,

வணக்கம். தொழுநோய் ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே தொழுநோயாளிகள் என்ற இலக்கை 2005 டிசம்பரில் இந்தியா எட்டியபோது மனம் நிறைந்து மகிழ்ந்தேன். இன்று அந்தக் கணக்கைப் பற்றித்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

அந்தக் கணக்கில் வருபவர்கள் அப்போது சிகிச்சையில் இருப்பவர்கள் மட்டுமே. கூட்டு மருந்தை நோயின் வகைக்கேற்ப ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ உண்டு முடித்தவரின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். கிருமி அழிந்துவிட்டதால் அது முறைதான். ஆனால் முழங்கையிலும் கணுக்காலிலும் பழுதடைந்த நரம்பு மருந்து முடிந்த நாளில் சரியாகிவிடுவதில்லை. மரத்துப்போன பாதத்தில் முள் தைத்தும் அறியாமல் நடந்து புண்ணாக்கிக்கொள்பவரும், சுடுபாத்திரத்தைப் பிடித்துக் கொப்புளம் எழும்பிய பிறகே சூட்டை அறிபவரும் எந்தக் கணக்கிலும் இல்லாமல் போகிறார்கள்.

பீடி சுற்றிப் பிழைத்த ஓர் அம்மாளை நான் மறக்கவில்லை. முன்கையில் இருந்த வெளிறிய படையை அவர் இரண்டு முறை மருத்துவரிடம் காட்டியிருக்கிறார். இரண்டு முறையும் தேமல் என்று களிம்பு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். படையில் உணர்ச்சி இல்லாதது தொழுநோயின் அடையாளம்; அது இருக்கிறதா என்று ஒரு பேனா முனையால் தொட்டுக் கேட்க ஒரு நிமிடம் போதும். அவர் எங்களிடம் வந்தபோது சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கி, இலையைப் பிடிக்க முடியாத நிலையில் இருந்தார். நரம்பு செயலிழக்கத் தொடங்கிய ஆறு மாதத்துக்குள், நரம்பின் அழற்சியைத் தணிக்கும் பிரெட்னிசலோன் மாத்திரை கொடுத்திருந்தால் அந்த விரல்களைக் காப்பாற்ற வாய்ப்பிருந்தது என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

நாட்டில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்படுகிறது. உலகில் கண்டறியப்படுவோரில் பாதிக்கும் மேல் இங்குதான். அவர்களில் குழந்தைகளும் இருப்பது நோய் இன்னும் பரவிக்கொண்டிருப்பதைக் காட்டுகிறது. நோயாளியின் வீட்டாரைப் பரிசோதித்து நோய்த் தடுப்பாக ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் மருந்து கொடுக்கும் பணி, வேலைப்பளு மிகுந்த கிராமங்களிலும் விடுபடாமல் நடக்க வேண்டும்.

சிகிச்சை முடித்தவர்களுக்கென ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் தனிப் பதிவேடு தொடங்கி, கை, கால், கண் ஆகியவற்றை ஆண்டுதோறும் சோதிக்க ஆணையிட வேண்டுகிறேன். உணர்ச்சியற்ற பாதங்களுக்கான எம்.சி.ஆர். எனும் மென்மையான ரப்பர் காலணியையும் அங்கேயே அளவெடுத்து வழங்கச் செய்யுங்கள். காலில் புண்ணோடு இரண்டு பேருந்து மாறி மாவட்ட மருத்துவமனைக்குச் செல்ல அவர்களால் இயலாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொழுநோய் ஆய்வாளர் ஒருவர்