அந்த 2 கோடி பவுண்டு யாருக்குப் போனது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பத்தாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். காலனி ஆட்சி பற்றிய பாடம் வந்தாலே, ‘இதுல எது டீச்சர் பரீட்சைக்கு வரும்?’ என்றுதான் பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நன்மை, தீமை என்று கோடு கிழித்து, ரயிலை ஒரு பக்கமும் வரியை மறுபக்கமும் எழுதப் பழக்கியது நாங்கள்தான்.

இந்த முறை கரும்பலகையில் ‘1833: 2 கோடி பவுண்டு’ என்று மட்டும் எழுதினேன். கரும்புத் தோட்டங்கள் நிறைந்த தன் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது பிரிட்டன் ஒதுக்கிய இழப்பீடு, யாருக்குப் போயிருக்கும்? அடிமைகளாக இருந்தவர்களுக்கு என்றது வகுப்பு. இல்லை, அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு. விடுதலை பெற்றவர்களுக்குக் காலணா இல்லை. அவர்களில் பெரும்பாலோர் 1838 வரை ‘தொழில் பழகுநர்’ என்ற பெயரில் அதே முதலாளிகளிடம் கூலியில்லாமல் உழைத்தார்கள். இழப்பீட்டுக்காக வாங்கிய கடன் 2015இல்தான் அடைந்தது என்றதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான்: ‘நான் பிறந்தப்புறமா டீச்சர்?’

‘அப்புறம் கரும்பை யாரு வெட்டினாங்க?’ என்றாள் ஒரு பெண். நான் எதிர்பார்க்காத கேள்வி. பாடமே அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். 1834இல் இந்தியாவிலிருந்து மொரீஷியஸுக்கு ஒப்பந்தக் கூலிகள், அதாவது சில ஆண்டுகள் உழைப்பதாக ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தவர்கள், போகத் தொடங்கினார்கள். 1860இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டு, இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்குப் போனது. கப்பல் பதிவேட்டின் கட்டங்களைப் பலகையில் வரைந்தேன்: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடலில் உள்ள அடையாளம். தழும்பை எதற்காக எழுதி வைத்தார்கள்? ‘ஓடிப்போனா பிடிக்கத்தான்’ என்றான் ஒருவன். சாதியை எதற்கு எழுதினார்கள் என்பதில் மணி அடிக்கும்வரை வாக்குவாதம். ஊர் ஊராக ஆள்பிடித்துக் கொடுத்த தரகர்கள் நம்மவர்கள் என்றும் சொன்னேன். முகம் சுளித்தார்கள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பாடநூல் எழுதுவோருக்கு உங்கள் நாளிதழ் வழியாக ஒரு கோரிக்கை. கவர்னர் ஜெனரல்களின் பட்டியலைக் குறைத்துக்கொண்டு, அப்படியொரு பதிவேட்டின் ஒரு பக்கத்தையாவது அச்சிடுங்கள். வினாத்தாளிலும் அதையே கொடுத்து, ‘இதை எழுதியவர் யார்? யாருக்காக எழுதினார்?’ என்று கேளுங்கள். ஐந்து மதிப்பெண் போதும்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியை